பழுது எங்கே இருந்தது?



இந்த வாரச் சிந்தனை ஒரு சிறு கருவியைப் பற்றியது. அதைவிட, அக்கருவியின் பேரில் நான் செய்த ஒரு தவற்றைப் பற்றியது. உங்களில் பலர் அதைக் கண்ணால் கண்டீர்கள், காதால் கேட்டீர்கள். ஆகவே அதை உங்களுக்கே எழுதுவது முறை என்று எண்ணுகிறேன்.

நம் ஆராதனையை நேரலையாக அனுப்பும் கேமராவை நீங்கள் அறிவீர்கள். ஆலயத்தின் மாடி முன்வரிசையில் முக்காலியின்மேல் அது நிற்கிறது. ஒரே பேட்டரியில் இரண்டரை மணி நேர ஆராதனையை முடிக்க இயலவில்லை. நடுவில் பேட்டரியை மாற்றும்போது நேரலை அறுந்தது. எனவே கேமராவின் அடிப்பகுதியில் ஒரு பேட்டரி கிரிப்பைப் பொருத்த முடிவு செய்தோம். கேமராவைச் செய்த நிறுவனமே விற்கும் கிரிப்பின் விலையைக் கேட்டபோது எனக்கு மலைப்பாக இருந்தது. வேறொரு நிறுவனம் அதே கேமராவுக்கென்று செய்த கிரிப், அதில் நான்கில் ஒரு பங்கு விலைக்குக் கிடைத்தது. அதை நானே வாங்கி வந்தேன். சபையின் பணத்தை மிச்சப்படுத்தினேன் என்ற பெருமையும் எனக்கு இருந்தது.

கிரிப்பைக் காணாதவர்களுக்காகச் சொல்கிறேன். கேமராவின் பேட்டரிக் கதவைக் கழற்றிவிட்டு, அந்த அறைக்குள் கிரிப்பின் தண்டு போன்ற பகுதியைச் செருக வேண்டும். அடியில் முக்காலிக்கென்று உள்ள கால் அங்குலத் திருகுத் துளையில் கிரிப்பின் திருகை இறுக்க வேண்டும். உள்ளே இரண்டு பேட்டரிகள் இடம்பெறும். எங்கள் பேட்டரி எல்பி-இ6 வகை, ஒவ்வொன்றும் 7.2 வோல்ட், 1800 மில்லியாம்பியர்-மணி. இரண்டைச் சேர்த்தாலும் மின்னழுத்தம் கூடுவதில்லை. உழைக்கும் நேரமே இரட்டிப்பாகிறது. நிக்கான் டி7000 போன்ற சில கேமராக்களில் இந்தத் தண்டு கிடையாது. கேமராவின் பேட்டரி உள்ளேயே இருக்க, அடிப்பாகத்திலுள்ள ரப்பர் மூடியை அகற்றி அங்குள்ள முனைகளோடு கிரிப்பை இணைக்கிறார்கள். எந்த முறையானாலும், மின்சாரம் கடந்துபோக வேண்டிய ஒரு புதிய இணைப்பைக் கிரிப் உண்டாக்குகிறது. இதை அன்று நான் எண்ணிப் பார்க்கவில்லை.

கேமராவை இயக்கி வந்தவர் காசிமேட்டைச் சேர்ந்த ஒரு வாலிபத் தம்பி. விசைப்படகில் தொழில் செய்யும் குடும்பம். கிரிப்பைப் பொருத்திய சில மாதங்களுக்குப் பின் கேமரா இடையிடையே அணையத் தொடங்கியது. மீண்டும் போட்டால் உடனே எரியும். பேட்டரி நிறைந்திருப்பதாகவே காட்டும். தம்பி ஒருநாள் என்னிடம் வந்து, "ஐயா, பேட்டரி ஃபுல்லாதான் இருக்குது. கேமராவைத் திருப்பும்போதுதான் ஆஃப் ஆவுது. எங்க போட்டுல பேட்டரி முனையில உப்பு ஏறினாலும் இப்படித்தான் ஆவும்" என்றார். நான் வேறு வேலையாக இருந்தேன். "சரியாகச் சார்ஜ் போட்டால் எல்லாம் சரியாக இருக்கும், தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அதன் பின்னர் ஒரு சனிக்கிழமை, நம் சபையின் மூப்பர் ஒருவரின் அடக்க ஆராதனை நடந்தது. அவருடைய மூத்த மகன் வளைகுடா நாட்டில் வேலை செய்கிறார். விடுப்புக் கிடைக்கவில்லை. நேரலையில்தான் தகப்பனாரைக் கடைசியாகப் பார்க்கக் காத்திருந்தார். குடும்பத்தார் பெட்டியண்டை வந்து கடைசியாக முகம் பார்த்த வேளையில், தம்பி கேமராவை அந்தப் பக்கமாகத் திருப்பினார். படம் கறுத்துப்போனது. ஒலி மட்டும் மிக்ஸரிலிருந்து தனியே கணினிக்குப் போய்க்கொண்டிருந்தது. மறுபடி போட்டார், எரிந்தது, திருப்பினார், அணைந்தது. ஏழு நிமிடங்கள் இப்படிக் கழிந்தன. அந்த மகன் தாயார் அழுவதையும் நாம் பாடுவதையும் கேட்டார். தகப்பனாரின் முகத்தைக் காணவில்லை. படம் திரும்பி வந்தபோது பெட்டி மூடப்பட்டிருந்தது.

ஆராதனை முடிந்து வாசலில் நின்றபோது, துக்க வீட்டார் முன்பாகவும் உங்களில் பலர் முன்பாகவும் நான் அந்தத் தம்பியைக் கடிந்துகொண்டேன். "பொறுப்பில்லாதவன் கையில் கொடுத்தது என் தவறு" என்று சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. கையிலிருந்த சார்ஜரை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அதற்கடுத்த ஞாயிறு வரவில்லை. பிறகும் வரவில்லை.

கேமராவை நானும் இன்னொரு சகோதரரும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டோம். ஐந்தாவது ஞாயிறன்று பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம். அதை என் உடன் ஊழியர் நடத்தியபடியால் நான் மாடியில் இருந்தேன். பேட்டரிகளுக்கு முந்தின இரவு நானே சார்ஜ் போட்டிருந்தேன். ஒரு தாய் குழந்தையை ஏந்திக்கொண்டு முன்னே வந்தபோது நான் கேமராவைத் திருப்பினேன். படம் கறுத்துப்போனது. அந்தக் கறுத்த திரைக்கு முன் நின்ற சில விநாடிகளில், பிரியமானவர்களே, எனக்கு உடம்பு குளிர்ந்துபோயிற்று.

மறுநாள் கேமராவைத் தண்டையார்பேட்டையில் பழுது பார்க்கும் ஒரு பெரியவரிடம் எடுத்துச் சென்றேன். பிலிம் கேமராக் காலத்திலிருந்தே இத்தொழிலில் இருக்கும் இஸ்லாமியர்; என்னை 'ஃபாதர்' என்றே அழைப்பவர். நான் நடந்ததைச் சொல்லி, "பாய், கேமரா போய்விட்டதா, பேட்டரி போய்விட்டதா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "ஃபாதர், எல்லாத்தையும் ஒண்ணா சந்தேகப்பட்டா ஒண்ணும் கிடைக்காது. ஒவ்வொண்ணா மாத்திப் பார்ப்போம்" என்றார்.

முதலில் கிரிப்பைக் கழற்றி, பழைய கதவை மாட்டி, ஒரு பேட்டரியை நேரே கேமராவில் போட்டார். படம்பிடிக்க விட்டுவிட்டு அரைமணி நேரம் எல்லாப் பக்கமும் திருப்பினார். அணையவில்லை. இரண்டாவது பேட்டரியைப் போட்டும் அவ்வாறே செய்தார். அணையவில்லை. "கேமராவும் நல்லது, ரெண்டு பேட்டரியும் நல்லது" என்றார். பின்பு கிரிப்பைப் பொருத்தி, இடப்பக்கத்தில் மட்டும் ஒரு பேட்டரியைப் போட்டார். கேமராவைச் சாய்த்தபோது அணைந்தது. வலப்பக்கத்தில் மட்டும் போட்டார், அப்போதும் அணைந்தது. இரு பக்கத்துக்கும் பொதுவான இடத்தில்தான் கோளாறு என்பது இதனால் விளங்கியது. கடைசியாகக் கிரிப்பையும் கேமராவையும் இரு கைகளாலும் சேர்த்து அழுத்திப் பிடித்துச் சாய்த்தார். அணையவில்லை. கையை எடுத்தார். அணைந்தது.

கிரிப்பைக் கழற்றித் தண்டின் நுனியைப் பூதக்கண்ணாடியில் காட்டினார். முனைகளின்மேல் மங்கலாக, சற்றே பச்சை படர்ந்த ஒரு பூச்சு இருந்தது. ஸ்பிரிங்குகளும் தளர்ந்திருந்தன. திருகு அரைச் சுற்றுக்கு மேல் கழன்றிருந்தது. கிரிப்பின் அடியில் முக்காலியைப் பொருத்தியிருந்ததால், கேமராவின் பாரமும் நீண்ட லென்சின் பாரமும் அந்த ஒற்றைத் திருகின்மேலேயே நின்றன. கேமராவைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் இணைப்பு மயிரிழையளவு விலகியது.

"அப்படியானால் பேட்டரி நிறைந்திருப்பதாக ஏன் காட்டியது?" என்று கேட்டேன். மல்டிமீட்டரை எடுத்தார். பேட்டரியில் 8.2 வோல்ட் இருந்தது. தண்டின் நுனியிலும் அதே 8.2. "சும்மா இருக்கும்போது அளந்தா எல்லாம் நல்லாத்தான் தெரியும் ஃபாதர். சுமை ஏத்தினாத்தான் குறை தெரியும்" என்றார். 1827ஆம் ஆண்டில் ஜார்ஜ் சைமன் ஓம் வெளியிட்ட விதியே இது: மின்னோட்டத்தைத் தடையால் பெருக்கினால், அந்தத் தடையில் இழக்கப்படும் மின்னழுத்தம் கிடைக்கும். அழுக்கேறிய முனையில் ஓர் ஓம் தடை இருப்பதாகவும், கேமரா ஒன்றரை ஆம்பியர் இழுப்பதாகவும் கொண்டால், வழியிலேயே ஒன்றரை வோல்ட் போய்விடும். பேட்டரி நிறைந்திருந்தும் கேமராவுக்கு அது காலியானதாகவே தோன்றும்; தன்னை அணைத்துக்கொள்ளும். இணைப்பு முழுவதும் விலகினாலோ, அந்தக் கணமே இருள்.

அவர் செய்த வைத்தியம் மிக எளியது. பேட்டரிகளை எடுத்துவிட்டு, பஞ்சு சுற்றிய குச்சியில் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தொட்டு முனைகளைத் துடைத்தார், நன்றாக உலரவிட்டார். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா என்று கேட்டேன். "கூடவே கூடாது. மேல தங்க முலாம் இருக்கு, அது போச்சுன்னா அப்புறம் சீக்கிரமே கெட்டுப்போகும்" என்றார். திருகை இறுக்கினார். "காத்துல உப்பு இருக்குற ஊரு இது. கடல் பக்கம் எதை வைச்சாலும் மூட்டைத்தான் முதல்ல பார்க்கணும்" என்றார்.

ஐந்து வாரங்களுக்கு முன் காசிமேட்டுத் தம்பி சொன்னதும் இதுவே. பிறந்தது முதல் உப்புக்காற்றில் வாழ்ந்தவர். படகின் பேட்டரி முனைகளைத் தேய்த்துக் கிரீஸ் தடவியவர். வேதசாஸ்திரக் கல்லூரியில் பட்டம் பெற்ற நான், அவர் வாயில் வந்த விடையைக் கேட்க நேரமில்லாதவனாயிருந்தேன்.

நாம் வாழும் இந்தக் கரை, மின்சாரம் பிறக்கும் கரை. 1970இல் இயங்கத் தொடங்கி 2017இல் மூடப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலையத்தின் திறன் 450 மெகாவாட். அதற்கு வடக்கே அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம் நிற்கிறது. அதன் முதல் இரு கட்டங்களின் திறன் மட்டும் 1830 மெகாவாட். அந்தச் சாம்பலின் ஓரத்தில் வாழும் நம் தெருக்களிலும் மின்சாரம் போகிறது. வந்து பார்க்கும் ஊழியர் பெரும்பாலும் பில்லர் பெட்டியைத் திறந்து, தளர்ந்து கருகிய ஓர் இணைப்பைச் சரிசெய்துவிட்டுப் போகிறார். மின் நிலையத்தில் குறைவில்லை. நம் வீட்டு விளக்கிலும் குறையில்லை. நடுவில் ஒரு மூட்டு தளர்ந்திருக்கிறது. இதைப் பலமுறை பார்த்திருந்தும், என் கேமரா அணைந்தபோது மூட்டைத் தேடவில்லை. பக்கத்தில் நின்ற மனிதனைத் தேடினேன்.

இவ்விடத்தில் ஏலியை நினைக்கிறேன். சாமுவேலின் முதலாம் புத்தகத்தின் முதல் அதிகாரத்தில், சீலோவில் அன்னாள் மனதுக்குள் ஜெபிக்கிறாள். உதடுகள் அசைகின்றன, சத்தம் கேட்கவில்லை. வாசல் நிலையண்டை உட்கார்ந்திருந்த ஆசாரியன் அவள் வெறித்திருப்பதாக எண்ணிக் கடிந்துகொள்கிறான். தவறான தீர்ப்பு, அதுவும் ஆலய வாசலில், துயரத்தில் இருந்த ஒருத்திக்கு எதிராக. ஆயினும் அன்னாள் தன் நிலையைச் சொன்னபோது, அவன் தன் கௌரவத்தைப் பார்க்கவில்லை. அங்கேயே, அப்பொழுதே, சமாதானமாய்ப் போகச் சொல்லி ஆசீர்வதித்தான். ஏலியிடம் பல குறைகள் இருந்ததை அறிவோம். ஆனால் அவனுக்குச் சில நிமிடங்களே பிடித்தன. எனக்கு ஐந்து வாரங்கள் பிடித்தன. அதுவும், அதே கேமரா என் கையில் அணைந்த பிறகுதான்.

அன்று மாலையே காசிமேட்டுக்குப் போனேன். தம்பியின் தாயார் கதவைத் திறந்தார்கள். "வாங்க ஐயா" என்று சொல்லி நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். தம்பி வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து நின்றார். கேமராவில் கண்டதைச் சொன்னேன், நீர் சொன்னதே சரி என்று சொன்னேன், மன்னிப்புக் கேட்டேன். அவர் சற்று நேரம் தலைகுனிந்து நின்றார். பின்பு, "அது பரவாயில்ல ஐயா. ஆனா அவங்க வீட்டு ஆளுங்க முன்னாடி சொல்லிட்டீங்க. இன்னும் அந்தத் தெருவழியா நான் போறதில்ல" என்றார்.

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

சகோதரன் குற்றம் செய்தால் முதலில் தனித்துச் சென்று பேசவேண்டும் என்று மத்தேயு 18ஆம் அதிகாரத்திலிருந்து எத்தனை முறை உங்களுக்குப் பிரசங்கித்திருக்கிறேன்! குற்றமில்லாதவரை நான் வெளியரங்கமாகக் கடிந்தேன். மன்னிப்பை மட்டும் தனியறையில் கேட்டு முடித்துக்கொள்வது நியாயமாகாது. ஆகவேதான் மறு ஞாயிறு பிரசங்கத்துக்கு முன் பீடத்திலிருந்து இறங்கி வந்து, உங்கள் முன்பாக அதைச் சொன்னேன். மூப்பரின் வீட்டாரிடமும் நேரில் சென்று சொன்னேன். வெளிநாட்டிலுள்ள மகனைத் தொலைபேசியில் அழைத்தேன். தவறு தம்பியுடையது அல்ல, மலிவென்று வாங்கி, பராமரிக்காமல் விட்டு, சொன்னதையும் கேளாத என்னுடையது என்றேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்பா முகம் அப்போ எப்படி இருந்துச்சு, ஐயா?" என்று கேட்டார்.

எனக்கு நினைவிருந்ததையெல்லாம் சொன்னேன். வெள்ளைச் சட்டையின் மேல்பொத்தான்வரை போட்டிருந்ததையும், அம்மா நெற்றியில் கைவைத்து நின்றதையும், சின்னப் பேத்தி மல்லிகைப்பூவைக் கன்னத்தின் அருகில் வைத்ததையும் சொன்னேன். அந்த ஏழு நிமிடங்களை என்னால் திருப்பிக் கொடுக்க இயலாது. கண்டவன் என்ற முறையில் சொல்ல மட்டுமே இயன்றது.

திருமணப் படப்பிடிப்பைத் தொழிலாகக் கொண்ட வாலிபர் நம் சபையில் சிலர் இருப்பதால், பாய் சொல்லித்தந்த மற்றவற்றையும் எழுதிவைக்கிறேன். பிற நிறுவனத்துக் கிரிப்புகள் எல்லாம் கெட்டவை அல்ல. கவனம் கூடுதலாகத் தேவைப்படுபவை. கேமரா சற்றும் எரியவில்லையானால், பேட்டரித் தட்டு முழுவதும் உள்ளே சென்று பூட்டிக்கொண்டதா என்று முதலில் பாருங்கள். பல கேமராக்களில் கதவு மூடியிருப்பதை உணரும் ஒரு சிறு சுவிட்ச் உண்டு. கிரிப் சரியாக அமராவிட்டால் அது அழுந்தாது. பேட்டரியோடு தொடர்புகொள்ள முடியவில்லை என்று திரையில் வந்தால், பிளஸ், மைனஸ் தவிர உள்ள தகவல் முனைகளையும் துடைத்துப் பாருங்கள். அணைத்து வைத்த கேமராவில் பேட்டரி தானாக இறங்கினால், அதே பேட்டரியைக் கிரிப்புடன் மூன்று நாள், கிரிப் இல்லாமல் மூன்று நாள் வைத்து ஒப்பிடுங்கள். சில கிரிப்புகள் சும்மா இருக்கும்போதும் சிறிது மின்சாரத்தைக் குடிக்கும். ஆறு ஏஏ பேட்டரிகளைப் போடும் தட்டு அவசரத்துக்கு மட்டுமே. சாதாரண அல்கலைன் வகை பெரிய சுமையைத் தாங்காது. ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை அதைவிட நன்றாகத் தாங்கும். ஆறும் சேர்ந்து 7.2 வோல்ட் தரும். வேலை முடிந்ததும் பேட்டரிகளைக் கழற்றி, சிலிக்கா ஜெல் போட்ட பெட்டியில் வையுங்கள். கடற்கரையில் படமெடுத்த அன்றே முனைகளை உலர்ந்த துணியால் துடையுங்கள்.

நம் ஆலயத்தில் இப்போது நேரலைக்குக் கிரிப்பைப் பயன்படுத்துவதில்லை. பேட்டரி வடிவிலுள்ள அடாப்டரைக் கேமராவினுள் செருகி, யூபிஎஸ் வழியாக மின்சாரம் கொடுக்கிறோம். முக்காலியைக் கேமராவிலேயே நேராகப் பூட்டுகிறோம். இந்த ஏற்பாட்டைச் சொன்னவரும் அந்தத் தம்பிதான். மூன்று வாரங்களாக மறுபடியும் மாடிக்கு வருகிறார். முன்போல் என்னோடு சிரித்துப் பேசுவதில்லை. அதற்குக் காலம் வேண்டும். கேட்டு வாங்கக்கூடிய பொருள் அல்ல அது.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டிலும் வேலைத்தலத்திலும் ஏதோ ஒன்று அணைந்துபோகும் நாள் வரும். அன்று பக்கத்தில் நிற்பவரைக் கடிந்துகொள்ளும் முன், ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். அவர் ஏற்கெனவே எதையாவது சொல்லியிருந்தாரா என்று நினைத்துப் பாருங்கள். இந்த வாரம் நீங்கள் அப்படி யாருக்காவது தவறான தீர்ப்பு வழங்கியிருந்தால், உங்கள் கையிலும் அது அணையும்வரை காத்திராதேயுங்கள். எழுந்து போங்கள்.

சமாதானத்தின் தேவன் உங்களோடிருப்பாராக. ஆமென்.